ஒயின் ஊற்றாத பூண்டு பட்டர் இறால் பாஸ்தா: சப்பென்று போகாமல் இருக்க

கேள்வி | ஜூன் 4, இரவு 9:40

20 நிமிஷத்துல ஆகுற பூண்டு பட்டர் இறால் பாஸ்தா, எந்தச் செய்முறையைப் பார்த்தாலும் அரை கப் ஒயிட் ஒயின் கேக்குது. வீட்டுல ஒயின் வாங்குறதில்ல. அதை விட்டுட்டு செஞ்சா சப்புன்னு இருக்கு. எலுமிச்சை பிழிஞ்சா வெறும் புளிப்பு. ஒயின் இல்லாம இது தேறாதுன்னு முடிவுக்கு வந்துட்டேன். தப்புன்னா சொல்லுங்க. கொதிச்சா ஆல்கஹால் எல்லாம் போயிடும்ங்கிறாங்களே, அது நிஜமா?

ஜூன் 4, இரவு 10:25

தேறும். ஆனால் ஒயினை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் தேறாது.

சட்டிக்குள் ஒயின் மூன்று வேலை பார்க்கிறது. வெண்ணெயின் திகட்டலை அடக்கும் புளிப்பு ஒன்று. இறால் வறுபட்ட சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைக் கரைத்து எடுக்கும் நீர் இரண்டாவது. மணம் மூன்றாவது. எலுமிச்சை முதல் வேலையை மட்டும்தான் செய்யும். மற்ற இரண்டுக்கும் ஆள் வைக்காததால்தான் சப்பென்று இருக்கிறது. புளிப்பும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

கணக்காகவே பார்க்கலாம். இனிப்பில்லாத ஒயிட் ஒயினில் லிட்டருக்கு ஏறத்தாழ 6 முதல் 7 கிராம் அமிலம். அரை கப், அதாவது 120 மில்லியில், முக்கால் கிராம் வரும். எலுமிச்சைச் சாற்றில் 5 முதல் 6 சதவீதம் சிட்ரிக் அமிலம். ஆக, 15 மில்லி சாறு, ஒரு டேபிள்ஸ்பூன், அந்த அரை கப் ஒயினின் புளிப்புக்குச் சமம். பெரிய பழம் ஒன்றை முழுதாகப் பிழிந்தால் 30 முதல் 45 மில்லி வரும்; தேவையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு. "வெறும் புளிப்பு" வந்த வழி இதுதான். பழத்தை எண்ணாதீர்கள், சாற்றை அளந்து ஊற்றுங்கள்.

ஆல்கஹால் கேள்விக்கு: எல்லாம் போய்விடாது. ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பது சரி, ஆனால் தண்ணீரோடு கலந்துவிட்டால் அது அவ்வளவு சுலபமாகக் கழன்று போவதில்லை. அமெரிக்க வேளாண் துறை போட்டிருக்கும் அட்டவணைப்படி, கொதிக்கும் குழம்பில் ஊற்றி உடனே இறக்கினால் 85 சதவீதம் மிச்சம். 15 நிமிடம் கொதித்தால் 40. ஒரு மணி நேரத்துக்கு 25. இரண்டரை மணி நேரத்துக்கு 5. இந்தப் பாஸ்தாவில் ஒயின் சட்டியில் இருப்பதே இரண்டு, மூன்று நிமிடம். தவிர்க்கிறவர் முழுதாகத் தவிர்ப்பதுதான் நியாயம்.

ஜூன் 5, காலை 7:15

அளவும் வரிசையும். இரண்டு பேருக்கு.

லிங்குவினி அல்லது ஸ்பாகெட்டி 200 கிராம். உரித்த இறால் 300 கிராம். தலையோடு வாங்கினால் ஏறக்குறைய இரட்டிப்பு எடை வேண்டும், தலை நீக்கி ஓட்டோடு இருப்பது என்றால் 360 அளவில். உப்பில்லாத வெண்ணெய் 60 கிராம்: 20 தொடக்கத்துக்கு, மிச்சம் 40 ஃப்ரிட்ஜிலேயே கட்டியாக இருக்கட்டும். ஆலிவ் ஆயில் ஒரு டேபிள்ஸ்பூன். பூண்டு 6 பெரிய பல். சில்லி ஃப்ளேக்ஸ் அரை டீஸ்பூன். இறால் ஓட்டு ஸ்டாக், அதாவது ஓட்டைக் கொதிக்கவைத்து வடித்த சாறு, 100 மில்லி (செய்யும் விதம் கீழே). எலுமிச்சைச் சாறு 15 மில்லி, ஒரு பழத்தின் தோல் துருவல். பார்ஸ்லி ஒரு கைப்பிடி. சர்க்கரை இரண்டு விரலால் எடுக்கும் சிட்டிகை.

தண்ணீர் ஒன்றரை லிட்டர், உப்பு 12 கிராம். கொதித்ததும் பாஸ்தாவைப் போட்டு, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே எடுக்கப் போகிறோம் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

அகலச் சட்டியில் எண்ணெய் நன்றாகச் சூடானதும், ஈரம் ஒற்றிய இறாலை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கிலோவுக்கு 50 நிற்கும் அளவு இறால் என்றால் முதல் பக்கம் 60 முதல் 75 நொடி, கிளற வேண்டாம். திருப்பிப் போட்டு 30 நொடி. முதுகின் தடித்த பாகத்தில் கண்ணாடித் தன்மை லேசாக மிச்சமிருக்கும்போதே தட்டுக்கு மாற்றுங்கள்.

தீயைத் தாழ்த்தி 20 கிராம் வெண்ணெய், மெல்லிய வில்லைகளாக நறுக்கிய 4 பல் பூண்டு, சில்லி ஃப்ளேக்ஸ். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பூண்டின் ஓரம் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் ஸ்டாக், 10 மில்லி எலுமிச்சைச் சாறு, சர்க்கரைச் சிட்டிகை. மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக் கரையுங்கள். தீயைக் கூட்டி ஒரு நிமிடம் கொதிக்கட்டும்.

பாஸ்தாவை இடுக்கியால் தூக்கி, சொட்டும் நீரோடேயே சட்டிக்குள். கூடவே பாஸ்தா வெந்த தண்ணீர் ஒரு சிறு கரண்டி, 60 மில்லி அளவு. மீதி 2 நிமிடம் அது சாஸில்தான் வேகும். துருவிய 2 பல் பூண்டு இந்த இரண்டாவது நிமிடத்தில். அடுப்பை அணைத்து 20 நொடி பொறுத்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டுச் சட்டியை உலுக்கிக்கொண்டே கிளறுங்கள். கடைசியில் இறால், மீதி 5 மில்லி சாறு, தோல் துருவல், பார்ஸ்லி. இறாலின் மிச்ச வேக்காடு இந்தச் சூட்டிலேயே முடிந்துவிடும்.

உப்பை இங்கேதான் பார்க்க வேண்டும், அதற்கு முன் இல்லை.

ஜூன் 5, காலை 7:50

"பாஸ்தா தண்ணீர் கடல் நீர் மாதிரி உப்பாக இருக்கணும்னு சொல்வாங்களே, 12 கிராம் குறைச்சலா இருக்கே?"

கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதில் வேகவைத்தால் இறாலுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வரும், சாப்பிடுகிறவருக்குத் தாகம் அடங்காது. வடித்துக் கொட்டிவிடும் பாஸ்தாவுக்கு லிட்டருக்கு 10 கிராம் வழக்கமான அளவு. இங்கே அந்தத் தண்ணீர் சட்டிக்குள் போய் வற்றப் போகிறது, இறாலிலும் உப்பு இருக்கிறது. அதனால் லிட்டருக்கு 8.

உப்பு போட்ட வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறது என்றால் 60 கிராமில் ஒரு கிராம் உப்பு கூடுதலாக வரும். தண்ணீரில் 2 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 5, பகல் 1:10

ஸ்டாக் பற்றி நாலு பேர் கேட்டாயிற்று. ஒயினின் இடத்தை உண்மையில் நிரப்புவது இதுதான், எலுமிச்சை அதற்குத் துணை. ஓட்டைக் குப்பையில் போட்டுவிட்டு "ருசி வரல" என்றால் என்ன செய்வது?

ஓடும் தலையும் ஒரு டீஸ்பூன் எண்ணெயில், நடுத்தரத் தீயில் 3 நிமிடம். நிறம் சிவந்து, வறுத்த நண்டு வாசம் வந்ததும் 300 மில்லி தண்ணீர். லேசான கொதியில் 10 முதல் 12 நிமிடம். தலை இருந்தால் கரண்டியால் நசுக்குங்கள், ருசியெல்லாம் அங்கேதான். வடிகட்டி, சக்கையை அழுத்திப் பிழிந்தால் 150 முதல் 180 மில்லி தேறும். 100 சாஸுக்கு, மிச்சம் கடைசியில் தளர்த்திக்கொள்ள. அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டால் சுண்ணாம்பு வாடை தட்டும், கலங்கலாகவும் போகும். உப்பு போடாதீர்கள்.

நேரம் கூடுமே என்ற கவலை வேண்டாம். பாஸ்தாத் தண்ணீர் கொதிக்க எடுக்கும் நேரமும் இதற்கு ஆகும் நேரமும் ஒன்றுதான். பக்கத்து அடுப்பில் நடக்கும்.

அந்த நிறம் மாறுவது பற்றி ஒரு சின்ன விஷயம். பச்சை இறால் சாம்பல் நிறத்தில் இருப்பது, அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்து அடங்கியிருப்பதால். சூடு பட்டதும் புரதம் குலைந்து சிவப்பு வெளியே வரும். அந்த நிறமி கொழுப்பில் கரையும். அதனால்தான் ஓட்டை எண்ணெயில் வறுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். நேராகத் தண்ணீரில் போட்டால் நிறமும் மணமும் பாதிதான்.

ஜூன் 5, பகல் 1:30

உரித்த ஃப்ரோசன் இறால், ஓடு கிடையாது என்பவர்களுக்கு: பூண்டு வதங்கியதும் அரை டீஸ்பூன் தக்காளி பேஸ்ட், எண்ணெயில் உப்பிட்ட ஒரு நெத்திலி, இரண்டையும் அரை நிமிடம் நசுக்கி வதக்கி, 100 மில்லி பாஸ்தாத் தண்ணீர். நெத்திலி கரைந்து காணாமல் போகும், மீன் வாடை வராது. சிக்கன் ஸ்டாக் க்யூப் போட்டால் உப்பு எகிறும். கால் க்யூபுக்கு மேல் வேண்டாம், பாஸ்தாத் தண்ணீர் உப்பையும் பாதியாக்குங்கள்.

ஜூன் 6, காலை 6:40

சட்டி. 28 முதல் 30 சென்டிமீட்டர் அகலம், எவர்சில்வர். நான்ஸ்டிக்கில் அடியில் பழுப்பு ஒட்டவே ஒட்டாது, அப்புறம் கரைக்க என்ன இருக்கிறது? இருப்பது நான்ஸ்டிக்தான் என்றால் ஸ்டாக்கைக் கொஞ்சம் கூடுதலாக வற்றவிட்டு ஈடுகட்டலாம். பூச்சில்லாத அலுமினியமும், சரியாகப் பழக்காத இரும்பும் எலுமிச்சையோடு சேர்ந்தால் உலோக ருசி காட்டும்.

24 சென்டிமீட்டர் சட்டியில் 300 கிராம் இறாலை ஒரே தடவையில் கொட்டினால் அது வறுபடாது, தன் நீரிலேயே வேகும். இரண்டு தடவையாகப் போடுங்கள். மொத்தம் இரண்டு நிமிடம்தான் கூடும்.

ஜூன் 6, இரவு 8:20

"இறால் போட்டதும் சட்டி முழுக்க வெள்ளையா தண்ணி விட்டுடுச்சு, வறுபடவே இல்ல."

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் டிரைபாலிபாஸ்பேட் என்று இருந்தால் அதுதான் காரணம். இறாலைத் தண்ணீர் பிடித்துவைக்கச் செய்யும் உப்பு அது. எடை கூடும், சூடு பட்டதும் அந்தத் தண்ணீர் வெளியே வரும். பொருள் பட்டியலில் இறாலும் உப்பும் மட்டும் இருக்கிற பாக்கெட்டாகத் தேடுங்கள். சோடியம் மெட்டாபைசல்பைட் என்பது வேறு சமாச்சாரம், ஓட்டில் கரும்புள்ளி விழாமலிருக்கப் போடுவது; தண்ணீர் விடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. சல்பைட் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், அரைகுறையாக உறைபனி விலகியது. பையைக் கட்டியபடியே குளிர்ந்த தண்ணீரில் 15, 20 நிமிடம் அமுக்கி வைத்தால் போதும். வெந்நீர் வேண்டாம், வெளிப்புறம் வெந்து உள்ளே ஐஸ் இருக்கும். பிறகு டிஷ்யூவில் பரப்பி, மேலேயும் ஒரு டிஷ்யூ வைத்து ஒற்றுங்கள். டிஷ்யூ ஈரமே வாங்காத வரைக்கும்.

ஜூன் 6, இரவு 8:45

இறால் மொறுக்கென்று கடிபட வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி. 300 கிராமுக்குச் சமையல் சோடா கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, உப்பு அரை டீஸ்பூன். பிசறி 15 நிமிடம் ஃப்ரிட்ஜில். கழுவ வேண்டாம், ஒற்றினால் போதும். காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை, மிளகாய்க் காரம் அல்ல) கூடுவதால் புரதம் சீக்கிரம் இறுகிப் பிழியப்படாது, அரை நிமிடம் கூடப் போய்விட்டாலும் தாங்கும். பேக்கிங் பவுடர் இந்த வேலைக்கு ஆகாது, அதில் அமிலமும் சேர்ந்திருக்கும். சோடா அரை டீஸ்பூனைத் தாண்டினால் சோப்பு ருசி வரும், எவ்வளவு எலுமிச்சை ஊற்றினாலும் போகாது.

பாஸ்பேட் போட்ட இறாலுக்கு இதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே காரத்தன்மை ஏறியிருக்கும், வழவழவென்று ஆகிவிடும்.

இதைச் செய்தால் தண்ணீர் உப்பை 12 கிராமிலிருந்து 9 ஆக்குங்கள்.

ஜூன் 7, காலை 10:05

பூண்டு. இதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள், பழியை ஒயின் மேல் போடுகிறார்கள்.

பொடியாக நறுக்கியதைச் சூடான எண்ணெயில் போட்டால் 20 நொடியில் காந்திவிடும். காந்திய பூண்டின் கசப்பை வெண்ணெய் தட்டு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தக் கசப்பை மறைக்கப் புளிப்பு, புளிப்பை மறைக்கச் சர்க்கரை என்று இழுத்துக்கொண்டே போகும். நிறம் தேன் நிறத்தைத் தாண்டிவிட்டால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவது லாபம். 20 கிராம் வெண்ணெயும் 4 பல் பூண்டும்தானே போகிறது.

வில்லையாக 4, துருவியது 2 என்று பிரித்ததற்குக் காரணம் உண்டு. வில்லை மெதுவாக வெந்து இனிப்பு தரும். துருவியது காரமும் வாசமும் தரும், ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் சூடு கண்டால் அந்த வாசம் அடங்கிவிடும். ஆறையும் முதலிலேயே போட்டால் "6 பல் போட்டும் பூண்டே தெரியல" என்று புகார் வரும். 12 பல் போடச் சொல்கிறவர்களும் இப்படித்தான் அந்த எண்ணிக்கைக்கு வந்து சேர்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

துருவிய பூண்டை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்காதீர்கள். பூண்டு நசுங்கும்போது ஒரு நொதி வேலை செய்துதான் அந்தக் காரம் உண்டாகிறது. அமிலம் அந்த நொதியை முடக்கிவிடும். சாலட்டுக்கு அது நல்ல தந்திரம். இங்கே வேண்டாம். துருவி 5 நிமிடம் சும்மா வைத்துவிட்டுச் சட்டியில் போடுங்கள்.

எண்ணெய் சேர்த்தால் வெண்ணெய் கருகாது என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். கருகும். கருகுவது வெண்ணெயின் பால் திடப்பொருள், அதற்குப் பக்கத்தில் எண்ணெய் இருப்பது பற்றிக் கவலை இல்லை. எண்ணெய் சேர்ப்பது இறாலைப் பலத்த தீயில் வறுப்பதற்காக. வெண்ணெய் அதற்குப் பிறகு, தாழ்ந்த தீயில்.

ஜூன் 7, காலை 10:20

சில்லி ஃப்ளேக்ஸை வெண்ணெயோடு போடுவதும் இறால் நிறமிக்குச் சொன்ன அதே கணக்குதான். காரம் கொழுப்பில் கரையும். கடைசியில் மேலே தூவினால் நாக்கில் பட்ட இடத்தில் மட்டும் சுரீரென்று இருக்கும்.

ஜூன் 8, மாலை 5:30

"சாஸ் கூடி வரல. பாஸ்தா ஒரு பக்கம், அடியில எண்ணெய் ஒரு பக்கம்."

வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு, 16 முதல் 18 சதவீதம் தண்ணீர், மிச்சம் பால் திடப்பொருள். அதாவது ஏற்கெனவே கூடிய நிலையில்தான் கைக்கு வருகிறது. அதைக் கொதிக்கும் சட்டியில் போட்டால் உருகிப் பிரிந்துவிடும். அதனால்தான் அடுப்பை அணைத்து, குளிர்ந்த கட்டியாக, கொஞ்சம் கொஞ்சமாக. பாஸ்தாத் தண்ணீரின் மாவுச்சத்து கொழுப்புத் துளிகளை ஒன்றோடு ஒன்று சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

பிரியும் சூழ்நிலைகள் மூன்று. சட்டியில் நீரே இல்லாமல் வற்றிய பிறகு வெண்ணெய் போடுவது: இதுதான் அதிகம் நடப்பது. வெண்ணெய் போடும்போது பாஸ்தாவைச் சுற்றி நாலைந்து டேபிள்ஸ்பூன் திரவம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சட்டியைச் சாய்த்தால் ஓரத்தில் தேங்க வேண்டும். அடுத்தது, 4, 5 லிட்டர் தண்ணீரில் பாஸ்தாவை வேகவைப்பது. மாவுச்சத்து நீர்த்துப்போய்ப் பிடிப்பு இருக்காது. ஒன்றரை லிட்டர் சொன்னது அதற்குத்தான். மூன்றாவது, வெண்ணெய் சேர்ந்த பிறகு மறுபடி கொதிக்கவிடுவது.

பிரிந்துவிட்டால் பதற வேண்டாம். சூடான பாஸ்தாத் தண்ணீர் இரண்டு டேபிள்ஸ்பூன் ஊற்றி, அடுப்பில்லாமல் 20 நொடி வேகமாக உலுக்கிக் கிளறுங்கள். கலங்கிப் பாலேடு நிறத்துக்குத் திரும்பும். தண்ணீர் தெளிவாக இருந்து பிடிக்காவிட்டால், கால் டீஸ்பூன் சோள மாவை ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு கொதி.

நெய்யில் செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் சாஸ் இவ்வளவு நன்றாகக் கூடாது. நெய்யில் தண்ணீரும் பால் திடப்பொருளும் போய்விட்டன, பிடித்துவைக்க எதுவும் இல்லை. இறால் வறுக்க எண்ணெய்க்குப் பதில் நெய் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது அருமை.

பாஸ்தாவை வடித்த பின் பச்சைத் தண்ணீரில் அலசுகிறவர்களும், ஒட்டாமலிருக்க எண்ணெய் ஊற்றுகிறவர்களும் இந்தக் குறிப்பைத் திரும்ப ஒருமுறை படிக்கவும்.

ஜூன் 9, காலை 7:00

எலுமிச்சை தவிர வேறென்ன என்று கேட்டவர்களுக்கு.

முற்றாத திராட்சையைப் பிழிந்த சாறு, வெர்ஜூஸ் என்ற பெயரில் புட்டியில் வரும். புளிக்கவைக்காதது, ஆல்கஹால் கிடையாது, ஒயினில் இருக்கும் அதே டார்டாரிக், மாலிக் அமிலங்கள். கிடைத்தால் எலுமிச்சையைக் காட்டிலும் இது மேல். 40 மில்லியில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள். ஸ்டாக்கை 70 ஆக்குங்கள்.

வெள்ளைத் திராட்சை ஜூஸை அப்படியே அரை கப் ஊற்றச் சொல்லும் செய்முறைகள் நிறைய. 120 மில்லியில் 18 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும், அதாவது நாலு டீஸ்பூனுக்கு மேல். வற்றினால் இறால் அல்வாதான். ஆசைப்பட்டால் ஒரு டேபிள்ஸ்பூன் ஜூஸ், சர்க்கரைச் சிட்டிகைக்குப் பதிலாக.

வினிகர் 2 டீஸ்பூன் போதும். அசெட்டிக் அமிலம் ஆவியாகும், மூக்கில் ஏறும். ஸ்டாக்கோடு சேர்த்து ஒரு நிமிடம் கொதித்தால் அடங்கும். கடைசியில் ஊற்றக் கூடாது. சிட்ரிக் அமிலம் ஆவியாகாது, ஆனால் எலுமிச்சையின் வாசம் சூட்டில் ஓடிவிடும். 10 மில்லி முன்னே, 5 மில்லியும் தோல் துருவலும் பின்னே என்று பிரித்தது அதற்காக. துருவும்போது மஞ்சள் தோலோடு நிறுத்துங்கள். வெள்ளைச் சதை வந்தால் கசக்கும்.

ஜூன் 9, இரவு 9:15

ஆல்கஹாலைக் கண்டிப்பாகத் தவிர்க்கிறவர்கள் லேபிளில் பார்க்க வேண்டியவை: ஆல்கஹால் நீக்கிய ஒயினில் 0.5 சதவீதம் வரை மிச்சம் இருக்கலாம், 0.0 என்று போட்டிருப்பது வேறு. "குக்கிங் ஒயின்" என்பது ஒயினேதான், உப்பு சேர்த்தது. டிஜோன் கடுகு (பிரெஞ்சுக் கடுகு விழுது) சிலவற்றில் ஒயிட் ஒயின் இருக்கும். இயற்கையாகப் புளிக்கவைத்த சோயா சாஸில் கொஞ்சம் ஆல்கஹால் தானாகவே உண்டு. சில மிசோ (ஜப்பானியப் புளித்த சோயா விழுது), சோயா சாஸ் வகைகளில் கெடாமலிருக்கத் தனியாகவும் சேர்ப்பார்கள். ருசி கூட்ட ஒரு சொட்டு சோயா என்ற யோசனை கீழே வந்திருப்பதால் இதைச் சொல்கிறேன். ஒயின் வினிகரில் நுண்ணிய அளவு மிஞ்சியிருக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் எலுமிச்சையோடு நில்லுங்கள்.

ஜூன் 11, மாலை 6:50

சீஸ் போடலாமா, கூடாதா என்று 14 பதில்கள் ஓடியிருக்கின்றன. இத்தாலியர் பலர் கடல் உணவுக்குச் சீஸ் போட மாட்டார்கள். அது அவர்கள் பழக்கம். என் ஆட்சேபம் வேறு: பார்மெசான் வந்தால் ஓட்டு ஸ்டாக்கின் மெல்லிய ருசி அமுங்கிவிடும், உப்பும் ஏறும். போட்டே ஆக வேண்டும் என்றால் 15 கிராம், மிகப் பொடியாகத் துருவி, வெண்ணெய்க்குப் பிறகு, அடுப்பில்லாமல். சூடு அதிகமாக இருந்தால் நூல் நூலாகத் திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொள்ளும்.

க்ரீம் ஊற்றினால் அது வேறு பாஸ்தா. நல்லதாகவே இருக்கும், ஆனால் இந்தக் கேள்வி-பதிலுக்கு வெளியே.

ஜூன் 12, காலை 8:30

ஆறு பேருக்குச் செய்யும்போது எல்லாவற்றையும் மூன்றால் பெருக்காதீர்கள். பாஸ்தா 600, இறால் 900, மூன்று மடங்கு சரி. தண்ணீர் 4 லிட்டர், உப்பு 32 கிராம். ஸ்டாக் 300க்குப் பதில் 250: பெரிய அளவில் வற்றுவது மெதுவாக நடக்கும், அதற்குள் பாஸ்தா குழைந்துவிடும். சில்லி ஃப்ளேக்ஸ் இரண்டு மடங்கோடு நிறுத்திப் பாருங்கள். இறாலை மூன்று, நான்கு தடவையாக வறுக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் சட்டி மறுபடி சூடாக 40 நொடி கொடுங்கள். சட்டியடி கருகத் தொடங்கினால் இரண்டு ஸ்பூன் ஸ்டாக் ஊற்றிச் சுரண்டி அதைத் தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு தொடரலாம். கடைசியில் கலக்கும்போது ஒரே சட்டியில் அடங்காது, பாஸ்தா வெந்த பாத்திரத்திலேயே கலந்துவிடுங்கள்.

ஜூன் 12, காலை 8:55

இறால் வெந்ததைக் கண்டுபிடிக்க: அரைவட்டமாக வளைந்தால் சரி. தலையும் வாலும் தொட்டு முழு வட்டமாகச் சுருண்டால் தாண்டிவிட்டது. தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு, பாதுகாப்புக்குச் சொல்லப்படும் அளவு 63 டிகிரி. சட்டியிலிருந்து தட்டுக்கு மாற்றும்போது 50ஐ ஒட்டி இருந்தால், கடைசிக் கலவையில் மூடி போட்டு ஒரு நிமிடம் விட்டு அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் இளந்தீயில் 20 நொடி. முதல் சுற்றிலேயே 63ஐத் தொட்டுவிட்டால் சாஸில் போனதும் ரப்பராகிவிடும்.

முதுகு நரம்பு எடுப்பது பெரிய இறாலுக்கு அவசியம், மண் கரகரக்கும். எடுப்பதற்காகக் கீறும்போது ஆழம் 2 மில்லிமீட்டரோடு போதும். ஆழமாகப் பிளந்தால் பார்க்க அழகாக விரியும், 15 நொடி முன்னதாகவே வெந்தும் போகும்.

ஜூன் 14, இரவு 9:05

மிஞ்சியதைப் பற்றிக் கேட்டவருக்கு: இறாலையும் பாஸ்தாவையும் பிரித்து, மூடிய டப்பாவில், 4 டிகிரி ஃப்ரிட்ஜில். மூன்று நாளுக்குள் முடியுங்கள். சூடாக்கும்போது பாஸ்தாவுக்கு மட்டும் 3 டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு இளந்தீயில் 3 நிமிடம். அணைத்துவிட்டு இறாலைப் போட்டுக் கிளறி, ஒரு டீஸ்பூன் வெண்ணெய். மைக்ரோவேவில் இரண்டையும் சேர்த்து வைத்தால் வெண்ணெய் பிரிந்து அடியில் நிற்கும், இறால் பாதியாகச் சுருங்கியிருக்கும்.

ஓட்டு ஸ்டாக் மிச்சம் இருந்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். ஒரு கட்டி 15 மில்லி அளவு வரும், ஏழு கட்டி ஒரு தடவைக்கு. டப்பா மேல் இறால் என்று எழுதி ஒட்டுங்கள். இறால் ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் கொதித்தாலும் அழியாது. தெரியாமல் வேறு யாராவது சூப்பில் போட்டுவிடக் கூடாது.